சாயமும் காலமும்: துருக்மேனியர் கம்பளங்களின் வயதைக் கணித்தல்

கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் ஏடுமே வரலாற்றுக்குச் சான்றுகள் என்று நாம் மாணவர்க்கு முதலிற் கற்பிக்கின்றோம். இவை யாவும் எழுதத் தெரிந்தோரும் எழுதுவித்தோரும் விட்டுச்சென்றவை. எழுத்தையே விட்டுச்செல்லாத ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாற்றை எங்ஙனம் வரைவது? அவர்தம் கைப்பட்ட பொருள்களையே நாம் வினவுதல் வேண்டும். ஆயின், பொருள் வாய் திறந்து பேசாது. அதனைப் பேசவைக்கும் முறைகளையும், அது பேசாதவிடத்து நாம் அதன் வாயிற் சொற்களைத் திணித்துவிடும் அபாயத்தையும் ஓர் எடுத்துக்காட்டின் மூலம் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மத்திய ஆசியாவின் துருக்மேனியர் நெய்த பழங் கம்பளங்களே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் எடுத்துக்காட்டு.

கஸ்பியன் கடலின் கிழக்கே, கரகும் பாலைநிலத்தின் ஓரங்களில் ஆட்டு மந்தைகளுடன் வாழ்ந்தோர் துருக்மேனியர். தெக்கே, சலோர், சரிக், யொமுத் எனப் பல குடிகளாய் அவர் பிரிந்திருந்தனர். வட்டக் கூடாரமே அவர் இல்லம். அக்கூடாரத்தின் தரைவிரிப்பும், வாயில்மறைப்பும், பண்டங்களை இட்டுவைக்கும் பைகளும், மணப்பெண் ஏறிவரும் ஒட்டகத்தின் அணிகளும் பெண்களால் நெய்யப்பட்டன. ஆட்டு மயிரை நூற்று, சாயமிட்டு, பாவிலே முடிச்சு முடிச்சாகக் கட்டி, ஊடையால் இறுக்கி அவர் ஆக்கிய இப்பொருள்கள் இன்று உலகின் பெரிய நூதனசாலைகளிற் போற்றப்படுகின்றன. எனினும் அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் நெய்தவள் பெயரும் இல்லை, நெய்த ஆண்டும் இல்லை. குடிக்குரிய சின்னங்களைத் தாய் மகளுக்குக் கற்பித்தாள். மகள் தன் மகளுக்குக் கற்பித்தாள். ஆதலின் ஒரே கோலம் பல தலைமுறைகளாய்த் தொடர்ந்தது. கோலத்தை மட்டும் நோக்கி வயதைத் துணிவது இதனால் அரிதாகின்றது. இவ்விடத்திலேயே சாயம் துணைக்கு வருகின்றது.

இயற்கைச் சாயங்கள்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உலகில் நெசவாளிகளுக்குக் கிடைத்த சாயங்கள் பெரும்பாலும் செடியிலிருந்தோ பூச்சியிலிருந்தோ மண்ணிலிருந்தோ வந்தவையே. துருக்மேனியர் கம்பளத்தின் முதன்மை நிறமாகிய செம்மையைத் தந்தது மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர். அவ்வேரில் அலிசரின், பேர்புரின் முதலிய பல நிறப்பொருள்கள் ஒருங்கே உள்ளன. மயிரை முதலிற் படிகாரக் கரைசலில் இட்டு, பின்னர் வேர்ச்சாயத்திற் காய்ச்சினால் நிறம் நன்கு பற்றும். இவ்வாறு நிறத்தை நூலிற் பிணிக்கும் பொருளை நிறமூன்றி என்பர். நிறமூன்றி மாறினால் நிறமும் மாறும். படிகாரத்துடன் செம்மை தரும் அதே வேர் இரும்புச் சத்துடன் கருஞ்சிவப்பையும் ஊதாவையும் தரும்.

இச்செய்தி நமக்கு முற்றும் புதியதன்று. நம் நாட்டின் வடபகுதி மணற்றரையில் வளரும் சாயவேர் என்னும் இம்பூறலின் வேரிலும் அலிசரினே நிறந்தருகின்றது. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் அகழ்தல் அரசின் தனியுரிமையாய் இருந்தமையை நம் வரலாற்று மாணவர் அறிவர். வேறு வேறு நிலங்களில் வாழ்ந்த மாந்தர், ஒருவரையொருவர் அறியாமலே, மண்ணுக்குள் மறைந்திருந்த ஒரே செம்மையைக் கண்டெடுத்தனர்.

நீலத்தைத் தந்தது அவுரி. மஞ்சளைத் தந்த செடிகள் பல. இஸ்பராக் என்று அப்பகுதியார் வழங்கும் மஞ்சட் பூச்செடி அவற்றுள் ஒன்று. நீலத்தின்மேல் மஞ்சளை ஏற்றினால் பச்சை பிறக்கும். மாதுளந்தோல் முதலியவற்றின் துவர்ப்புப் பொருளுடன் அன்னபேதி சேரக் கருமை வரும். செம்மையினும் விலையுயர்ந்த செங்கருநீலச் சாயலைப் பூச்சிகள் தந்தன. இந்தியப் பகுதிகளிலிருந்து சென்ற அரக்கு ஒன்று. மெக்சிக்கோவிலே கள்ளிச்செடிகளில் வாழும் கொச்சினீற் பூச்சி மற்றொன்று. ஓர் இறாத்தல் கொச்சினீலுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும் என்பர். அத்துணை அருமையான சாயமாதலால், அதனை நெசவுப் பெண்கள் பெரும்பாலும் சிறு சிறு இடங்களிலேயே, சிலவேளை பட்டு நூலில் ஏற்றிப் பயன்படுத்தினர்.

செயற்கைச் சாயங்களின் வருகை

1856ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் ஹென்றி பேர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைச் செயற்கையாய் ஆக்க முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை. ஆயின் குடுவையில் எஞ்சிய கரும்பொருளிலிருந்து அழகியதோர் ஊதாச் சாயம் வெளிப்பட்டது. நிலக்கரித் தாரிலிருந்து பெறும் அனிலீனை மூலமாகக் கொண்ட செயற்கைச் சாயத் தொழில் இவ்வாறு தொடங்கிற்று. பிரான்சின் இலியோன் நகரில் வேர்கான் என்பார் ஆக்கிய பூக்சின் 1859இல் விற்பனைக்கு வந்தது. 1868இல் கிறேபே, லீபர்மன் என்னும் யேர்மானிய அறிஞர் இருவர் அலிசரினையே செயற்கையாய் ஆக்கும் வழியைக் கண்டனர். சில ஆண்டுகளுள் பிரான்சிலும் துருக்கியிலும் மஞ்சிட்டித் தோட்டங்கள் பயனற்றுப்போயின. 1870களின் பிற்பகுதியில் அசோச் சாயங்கள் என்னும் வகுப்பைச் சேர்ந்த செம்மஞ்சளும் சிவப்பும் சந்தையை நிரப்பின. அவற்றுள் உரொசெலின் 1877இலும் பொன்சோ 1878இலும் தோன்றியவை. செயற்கை அவுரி 1897இல் யேர்மனியிலிருந்து விற்பனைக்கு வந்தது.

இச்சாயங்கள் துருக்மேனியர் கூடாரத்தை அடைந்தது எங்ஙனம்? 1881இல் கோக் தெப்பே கோட்டை உருசியப் படைகளிடம் வீழ்ந்தது. 1880இல் தொடங்கப்பட்ட கஸ்பியன் கடந்த இருப்புப்பாதை 1886இல் மேர்வ் நகரையும் 1888இல் சமர்க்கந்தையும் அடைந்தது. புகைவண்டியிற் படைவீரர் வந்தனர், வணிகரும் வந்தனர். வணிகர் மூட்டையிற் சிறு பொதிகளாய்ச் சாயத்தூளும் வந்தது. வேரை மூன்றாண்டு வளர்த்து, அகழ்ந்து, உலர்த்தி, இடித்துக் காய்ச்சும் வேலை ஒரு பிடி தூளிலே அடங்கிவிட்டது. அண்டைநாடாகிய பாரசீகத்தில், தன் நாட்டுக் கம்பளங்களின் நற்பெயர் கெடுமென அஞ்சி, நாசிருத்தீன் ஷா 1882இல் அனிலீன் சாய இறக்குமதியைத் தடைசெய்தார். தடை பிறந்தமையே அச்சாயங்கள் அக்காலத்தில் எத்துணைப் பரவியிருந்தன என்பதற்குச் சான்றாகும்.

இந்த ஆண்டுகளின் வரிசையே நம் கையிலுள்ள அளவுகோல். ஒரு கம்பளத்தில் நெய்யப்பட்ட நூல் பொன்சோச் சாயம் பெற்றிருப்பின், அக்கம்பளம் 1878க்கு முன் நெய்யப்பட்டிருத்தல் இயலாது. இத்தகைய எல்லையை முன்னெல்லை எனக் கொள்வாம்.

சாயத்தை அறியும் முறைகள்

கண்ணால் அறிதல் முதலாவது முறை. கம்பளத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒப்பிடுதல் வேண்டும். முடிச்சைப் பிரித்து அதன் அடியையும் நுனியையும் ஒப்பிடுதல் வேண்டும். பூக்சின் ஏறிய மயிர் வெயில் பட்ட நுனியில் சாம்பல் நிறமாய் வெளுத்தும், அடியில் இன்னும் கடும் ஊதாவாயும் இருக்கும். பொன்சோ வெயிலுக்கு ஓரளவு தாங்கும். ஆயின் நீர் பட்டால் கசிந்து பக்கத்து வெண்மயிரைச் செந்நிறமாக்கும். நனைத்த வெள்ளைத் துணியாற் பழைய வணிகர் கம்பளத்தைத் துடைத்துப் பார்ப்பது இதற்காகவே.

ஆயினும் கண்ணை முற்றும் நம்புதல் தவறு. இயற்கைச் சாயம் மென்மையாய் மங்கியிருக்கும், செயற்கைச் சாயம் கண்ணைப் பறிக்கும் என்னும் பொதுக்கொள்கை ஒன்றுண்டு. 1949இல் உருசியத் தொல்லியலறிஞர் உருதெங்கோ அல்த்தாய் மலைப் பகுதியின் பசிரிக் புதைகுழியில் உறைபனியினுள்ளிருந்து ஒரு முடிச்சுக் கம்பளத்தை எடுத்தார். அது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதன் செம்மை இன்றும் தெளிவாய்த் துலங்குகின்றது. எனவே, துலக்கம் இளமைக்குச் சான்றன்று. மங்கலும் முதுமைக்குச் சான்றன்று. புதுக் கம்பளத்தை வெயிலில் உலர்த்தியும், இரசாயனக் கரைசலிற் கழுவியும், தேயிலை நீரில் தோய்த்தும் பழமைத் தோற்றம் தருவது வணிக உலகில் நெடுங்காலமாய் நிகழ்ந்துவரும் செயலே. நீரிற் கசிவதையும் இறுதிச் சான்றாய்க் கொள்ளலாகாது. நிறமூன்றி குறைவாய் இட்ட இயற்கைச் சாயமும் கசியும்.

ஆதலால் இரசாயனப் பகுப்பே துணிவான முறை. சில மில்லிமீற்றர் நீளமுள்ள நூல்துண்டு இதற்குப் போதும். அதனை ஐதரோக்குளோரிக்கமிலமும் மெதனோலும் நீரும் கலந்த கரைசலிற் சூடாக்கினால், நிறமூன்றியின் பிணிப்பு அறுந்து சாயம் கரைசலுக்குள் வரும். அக்கரைசலை அழுத்தத்துடன் ஒரு நுண்குழாய் வழியே செலுத்துவர். குழாயினுள் நிரப்பிய பொருளோடு ஒவ்வொரு நிறப்பொருளும் வெவ்வேறளவிற் பற்றிக்கொள்வதால், அவை வெவ்வேறு நேரங்களில் வெளிவரும். வெளிவரும் ஒவ்வொன்றும் எவ்வெவ் ஒளியலைகளை உறிஞ்சுகின்றது என்பதும் பதிவாகும். மஞ்சிட்டியாயின் அலிசரினுடன் பேர்புரினும் தோன்றும். கொச்சினீலாயின் கார்மினிக்கமிலம் தோன்றும். அரக்காயின் லக்காயிக்கமிலம் தோன்றும். அசோச் சாயமாயின் இவற்றுள் யாதும் தோன்றாது, தனக்கேயுரிய வேறோர் அடையாளம் தோன்றும். பிரித்தானிய இரசாயனர் மார்க் உவைற்றிங் 1970களில் துருக்மேனியர் கம்பளங்களின் சாயங்களைப் பகுத்தாராய்ந்து, நிறத்தை நோக்கி ஊகித்துவந்த துறையில் ஆய்வுகூடத்துக்கு இடந்தேடித் தந்தார். யூர்க் இராகெத் என்னும் சுவிற்சர்லாந்து ஆய்வாளர் சாயப் பகுப்பையும் கதிரியக்கக் காபன் கணிப்பையும் ஒருங்கிணைத்துத் துருக்மேனியர் கம்பளங்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை 2016இல் வெளியிட்டார்.

மாதிரி எடுப்பதிலும் விழிப்பு வேண்டும். ஒரு கம்பளத்திற் பரப்பு முழுதும் மஞ்சிட்டியாய் இருக்கலாம். ஒரு சிறு பூவின் நடுவிலுள்ள நாலைந்து முடிச்சுகள் மட்டும் பொன்சோவாய் இருக்கலாம். எளிதிற் கிடைக்கும் வேரை விட்டுவிட எவர்க்கும் அவசரமில்லை. விலைமிக்க பூச்சிச் சாயத்துக்கே மலிவான மாற்றை முதலில் நாடுவர். எனவே பரப்பின் சிவப்பையும் நீலத்தையும் மட்டும் சோதித்து, இயற்கைச் சாயமே என்று முடிவு கூறுவது அரைகுறைச் சோதனையாகும். எல்லா நிறங்களையும் சோதித்தல் வேண்டும். இதற்கு மறுதலையான வழு ஒன்றும் உண்டு. பழைய கம்பளத்திற் கிழிந்த இடத்தைப் பிற்காலத்தார் புதுநூலாற் பழுதுபார்த்திருப்பர். அப்புதுநூலை மாதிரியாய் எடுத்தால், 18ஆம் நூற்றாண்டுக் கம்பளமும் 20ஆம் நூற்றாண்டுக் கம்பளமாய்த் தோற்றும். மாதிரி மூல நெசவுக்குரிய முடிச்சே என்பதை உருப்பெருக்கியால் முதலில் உறுதிசெய்தல் வேண்டும்.

சான்றின் எல்லை

இனி நாம் வந்தடைவது கட்டுரையின் உயிரான பகுதி. ஒரு கம்பளத்தின் எல்லா நிறங்களையும் சோதித்து, செயற்கைச் சாயம் ஒன்றேனும் இல்லை எனக் கண்டோம் எனக் கொள்க. அக்கம்பளம் 1856க்கு முற்பட்டதென்று துணியலாமா? பல விற்பனைப் பட்டியல்கள் அவ்வாறே துணிகின்றன. ஆயின் இத்துணிவு தருக்கப்பிழை. செயற்கைச் சாயம் இருப்பின் கம்பளம் பிற்பட்டது என்பது மெய். செயற்கைச் சாயம் இல்லையாயின் கம்பளம் முற்பட்டது என்பது அதிலிருந்து பெறப்படாது. மழை பெய்தால் முற்றம் நனையும் என்பதைக் கொண்டு, மழை பெய்யவில்லையாயின் முற்றம் நனையவில்லை என்று கூறுவது போன்றது இது. கிணற்று நீரும் முற்றத்தை நனைக்கும் அன்றோ?

மெய்வாழ்வில் இதற்குக் காரணங்கள் பல. இருப்புப்பாதைக்கு அண்மையிலிருந்த கூடாரத்தில் 1890இல் புதுச்சாயம் புழங்கியிருக்கலாம். தொலைவிலிருந்த கூடாரத்திற் பல ஆண்டுகள் கழிந்தும் வேரே காய்ந்திருக்கலாம். ஒரே கூடாரத்தில் மருமகள் புதுத்தூளை விரும்ப, மாமியார் பழைய வேரை விடாதிருந்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வலிய சான்றுண்டு. துருக்கி நாட்டின் ஆய்வசிக் பகுதியில் 1981இல் யேர்மானியராகிய ஹரால்ட் பேமர் என்பாரின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. மறந்துபோன இயற்கைச் சாய முறைகள் கிராமப் பெண்களுக்கு மீளவும் கற்பிக்கப்பட்டன. அவர்கள் கம்பளங்களில் உள்ளவை தூய மஞ்சிட்டியும் அவுரியுமே. எனினும் அவை 1981க்குப் பிற்பட்டவை! சாயத்தை மட்டும் நோக்குவோர் இவற்றை யாது கூறுவர்?

நிறங்களெல்லாம் ஒரே அளவு பேசுவதுமில்லை. செயற்கை அவுரியும் செடியின் அவுரியும் அடிப்படையில் ஒரே பொருளாதலால், நீலம் பெரும்பாலும் மௌனமே சாதிக்கும். அலிசரின் மட்டும் தனித்து நின்று பேர்புரின் முதலியன காணப்படாவிடின், செயற்கை அலிசரின் எனச் சந்தேகிக்க இடமுண்டு. ஆயின் அலிசரின் மிகுந்த சாயவேர் போன்ற வேர்களும் உலகில் உள்ளன என்பதை நினைத்துக்கொள்ளுதல் வேண்டும். அரக்கு முந்தியது, கொச்சினீல் பிந்தியது என்பார் கூற்றிலும் எச்சரிக்கை தேவை. மெக்சிக்கோக் கொச்சினீல் 16ஆம் நூற்றாண்டு முதலே உலக வணிகத்திற் புழங்கியது. அது மலிந்த காலம் 19ஆம் நூற்றாண்டு என்பது உண்மை. அதற்கு முன் ஒருவரும் வாங்கியிலர் என்பது அதனாற் பெறப்படாது.

கதிரியக்கக் காபன் கணிப்பால் இக்குறையை நிரப்பலாகாதோ எனின், ஓரளவுக்கே இயலும். ஏறத்தாழ 1650க்கும் 1950க்கும் இடைப்பட்ட காலத்தில் வளிமண்டலக் காபனின் அளவு ஏறியும் இறங்கியும் சென்றமையால், ஒரே அளவீடு இரண்டு மூன்று காலப்பகுதிகளுக்குப் பொருந்திவிடும். நமக்கு வேண்டிய காலம் அதற்குள்ளேயே அடங்குகின்றது. எனினும், அணுகுண்டுச் சோதனைகளால் 1950களின் நடுப்பகுதிக்குப் பின் வளிமண்டலத்தில் அக்காபன் திடீரென மிகுந்தமையால், அதன்பின் வளர்ந்த ஆட்டின் மயிரை இம்முறை காட்டிக்கொடுத்துவிடும். அண்மைக்காலப் போலிகளைப் பிடிக்க இது நற்கருவி. சாயப் பகுப்பும் காபன் கணிப்பும் ஒன்றன் குறையை ஒன்று நிரப்புகின்றன. காபன் தரும் மூன்று காலப்பகுதிகளுள் எது பொருந்தாது என்பதைச் சிலவேளை ஓர் அசோச் சாயம் தீர்த்துவைக்கும்.

முன்னெல்லையைச் சாயம் தருவதுபோலப் பின்னெல்லையை நூதனசாலைப் பதிவேடு தருகின்றது. உருசிய ஓவியரும் ஆய்வாளருமாகிய சாமுவேல் தூதின் 1900க்கும் 1902க்கும் இடையில் மத்திய ஆசியாவிற் சேகரித்த நெசவுப்பொருள்கள் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் உள்ளன. அங்கு ஆளுநராயிருந்த பொகொலியூபொவ் என்னும் தளபதியின் சேகரிப்பும் அந்நகரையே அடைந்தது. தூதின் கொணர்ந்த ஒரு பையில் 1878இற் பிறந்த சாயம் காணப்படுமாயின், அப்பை நெய்யப்பட்ட காலம் 1878க்கும் 1902க்கும் இடைப்பட்டதென ஐயமின்றிக் கூறலாம். இவ்வாறு இருபுறமும் எல்லை கட்டிய பொருள்களை முதலில் வரிசைப்படுத்தி, எல்லையறியாப் பொருள்களை அவற்றோடு நெசவு நுணுக்கம், கோலம், நிறத்தொகை என்பவற்றால் ஒப்பிடுதலே செவ்விய முறை.

முடிவுரை

இவ்வாராய்ச்சியில் விலை மட்டும் அடங்கியிருப்பதாக எண்ணுதல் வேண்டா. ஒரு நூற்றாண்டு கூட்டிச் சொன்னால் விலை கூடும் என்பது உண்மையே. வாங்குவோர் ஏமாறுவதும் உண்மையே. அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. 1878க்குப் பின் நெய்தவற்றையெல்லாம் சீர்கெட்டவை என ஒதுக்கும் மனப்பான்மை சேகரிப்போரிடையே வேரூன்றியுள்ளது. அம்மனப்பான்மையால், நல்ல கம்பளம் யாவும் பழையதென்றும், பழையது யாவும் நல்லதென்றும் வட்டமிட்டுச் சுழலும் ஒரு வாதம் உருவாகின்றது. கோட்டை வீழ்ந்து, வாழ்வு மாறி, சந்தை வாயிலில் வந்து நின்ற தலைமுறையைச் சேர்ந்த பெண்கள், புதுத்தூளைக் கையிலெடுத்துத் தம் பாட்டியின் கோலத்திலே நாலைந்து முடிச்சுகள் கட்டினர். அந்நாலைந்து முடிச்சுகள் இழிவின் அடையாளமல்ல. அவர்கள் வாழ்ந்த காலத்தின் கையொப்பம். அதனை மறைத்து அவர் நெசவை நூறாண்டு பின்தள்ளுவோர், அப்பெண்கள் விட்டுச்சென்ற சான்றையும் அழித்தோராவர்.

வரலாறு பயிலும் மாணவர் இதனின்று கொள்ளத்தக்க பாடம் ஒன்று. இருக்கும் சான்று பேசும். இல்லாத சான்று மௌனமாயிருக்கும். அம்மௌனத்தை நம் விருப்பத்துக்கு இசைந்த வாக்குமூலமாய் எழுதிக்கொள்வது ஆராய்ச்சியாகாது. கம்பளத்துக்கு மட்டுமன்றிக் கல்வெட்டுக்கும் ஏட்டுக்கும் இது பொருந்தும். ஒரு செய்தி ஏட்டில் இல்லையென்பதால் அது நிகழவேயில்லை என்று நாமும் எத்தனை முறை எழுதியிருக்கின்றோம் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.